பார்க்காமல் போட்ட கையெழுத்து

1

பெங்களூரில் இருப்பதெல்லாம் ஒரு புலம்பெயர்தலா என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கே வரை கேட்கிறது. திருப்பத்தூரில் காலையில் ரயிலேறினால் மதியச் சோற்றுக்கு முன்னால் இங்கே இறங்கிவிடலாம், அதற்கு ஒரு கட்டுரையா என்பீர்கள். துபாய்க்குப் போன என் நாத்தனார் எழுதினால் அது அனுபவம், நான் எழுதினால் வெட்டிப்பேச்சா? ரயிலில் மூன்று மணி நேரம்தான். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் நான் படித்த படிப்பின் சான்றிதழ் செல்லாத காகிதமாகிவிட்டது. லைசென்ஸ் ஆபீஸ் கவுன்டரில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உங்க ஊருது" என்று கன்னடத்தில் சொல்லி நீட்டினார். அன்றைக்குத்தான் எனக்கு ஊர் மாறியது.

நான் மின்சார வேலை பார்க்கிறவள். எலக்ட்ரிகல் டிப்ளமோ. வீட்டு வயரிங்கை மேற்பார்வை பார்த்து, எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று கையெழுத்துப் போடும் சூப்பர்வைசர் லைசென்ஸ் இருக்கிறது. அந்தக் கையெழுத்து இல்லாமல் புது வீட்டுக்கு மீட்டர் வராது. இந்த ஆவணியோடு நான் கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தைந்து வருஷம். லைசென்ஸ் புதுப்பிக்கும் வருஷமும் இதுதான். பாரத்தைப் பூர்த்தி செய்து, போட்டோ ஒட்டி, அனுப்பிவிட்டுக் காத்திருந்த வாரத்தில்தான் என் பெண்ணின் வாடகை வீட்டைப் பார்க்கப் போனேன்.

2

நிவேதாவுக்கு இருபத்துமூன்று வயது. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. நாங்கள் இருப்பது காக்ஸ் டவுன் பக்கம், அவள் ஆபீஸ் தொம்மலூர் தாண்டி. தினமும் டிராஃபிக்கில் போய்வந்து செத்துச் சுண்ணாம்பாகிறேன் என்று சொல்லி, தொம்மலூர் பழைய ஊருக்குள் ஒரு முதல் மாடியைத் தோழிகள் இரண்டு பேரோடு வாடகைக்கு எடுத்தாள். ஒரே ஊருக்குள் அம்மா வீட்டை விட்டுத் தனி வீடு. எங்கள் பக்கம் இதைச் சொன்னால் பெண் ஓடிப்போய்விட்டாள் என்றே முடிவு கட்டுவார்கள். நானும் பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

தோழிகளோடு அவள் பேசுவது இங்கிலீஷ், கடைக்காரரிடம் கன்னடம், என்னிடம் பாதித் தமிழ். தமிழ் எழுத்து தெரியும்; எழுத்துக் கூட்டிப் படிப்பாள். நான் எழுதும் இதை அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வீட்டைச் சுற்றிக் காட்டினாள். ஹால், சமையலறை, செடி வைக்க ஒரு பால்கனி. குளியலறை வாசலில் நீல ரப்பர் செருப்பு ஒரு ஜோடி இருந்தது.

"இது என்னத்துக்கு?"

"குளிக்கும்போது போட்டுக்கணும்மா. ஓனர் ஆன்ட்டி சொன்னாங்க. இல்லன்னா குழாய் லைட்டா ஷாக் அடிக்கும்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் தெரியுமா. குப்பை வண்டி எட்டு மணிக்கு வரும் என்று சொல்வதைப் போல. 

"எப்பவும் அடிக்குமா, இல்ல சில நேரம் மட்டுமா?"

"கிச்சன்ல இண்டக்ஷன் ஸ்டவ் ஆன்ல இருந்தா அடிக்கும். அதான் ஒருத்தர் குளிக்கிறப்போ இன்னொருத்தர் சமைக்க மாட்டோம். வி மேனேஜ், மா."

மேனேஜ் பண்ணுகிறார்களாம். மூன்று பேரும் இன்ஜினீயர்கள். என் கைப்பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சின்ன மீட்டரும் இருக்கும். எடுத்தேன். "அம்மா, இங்க வந்துமா? ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க" என்று பல்லைக் கடித்தாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு கீசரின் ப்ளக் பாயின்டைக் கழற்றினேன்.

3

விளங்காதவர்களுக்காக ஒரு பத்தி. மூன்று ஓட்டை ப்ளக்கில் மேலே இருக்கும் பெரிய ஓட்டைதான் எர்த். கீசரோ கிரைண்டரோ உள்ளுக்குள் பழுதாகி, அதன் இரும்பு உடம்பில் கரண்ட் ஏறிவிட்டால், உங்கள் உடம்பு வழியாகப் போகாமல் நேராக மண்ணுக்குள் போக ஒரு பச்சை வயர். வீட்டுக்கு வெளியே குழி தோண்டி, இரும்புக் குழாய் புதைத்து, அங்கிருந்து அந்தப் பச்சை வயரை ஒவ்வொரு ப்ளக்குக்கும் கொண்டுவர வேண்டும். கூடவே, கரண்ட் கொஞ்சம் வழி தவறினாலும் பட்டென்று வீட்டையே அணைக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச் போர்டில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

நிவேதாவின் கீசர் பாயின்டில் பச்சை வயரே இல்லை. அதற்குப் பதிலாக, விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வயரை வைத்து, எர்த் ஓட்டையைப் பக்கத்தில் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலோடு கட்டியிருந்தார்கள். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த திருட்டுத்தனம். சோதனை பல்பை வைத்துப் பார்க்கிறவருக்கு எர்த் இருக்கிற மாதிரியே பல்பு எரியும். குழி தோண்டும் வேலை மிச்சம். ஆனால் சமையலறையில் அடுப்புப் போட்டால் நியூட்ரலில் ஓடும் கரண்ட் கீசர் உடம்பையும் எட்டிப் பார்க்கும். என்றைக்காவது அந்த நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், குழாயைப் பிடித்த கையை எடுக்க முடியாது. அப்போது செருப்பு எந்த மட்டுக்குக் காப்பாற்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாமும் ஒன்றும் யோக்கியம் இல்லை. திருப்பத்தூரில் என் அம்மா கிரைண்டருக்கு முன்னால் மணைப்பலகை போட்டு அதன்மேல் நின்றுதான் மாவு தள்ளுவார். ஷாக் அடிக்கும், அதனால் பலகை. நான் எலக்ட்ரிகல் படித்துக்கொண்டிருந்த மூன்று வருஷமும் அந்தப் பலகை அங்கேதான் கிடந்தது. பரீட்சைக்கு எர்த்திங் படம் போட்டுப் பழகிய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா பலகையில் நின்று ஆட்டிய மாவில் தோசை தின்றவள் நான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பலகை கிடந்தால், இந்தக் கட்டுரையை இப்படியே மூடி வைத்துவிட்டு முதலில் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

4

ஓனர் லலிதம்மா மூன்று தலைமுறையாகத் தொம்மலூரிலேயே இருக்கும் தமிழ்க்காரர். நல்ல மனுஷி. காபி கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"எல்லார் ஊட்லயும் இப்படித்தான் கணம்மா. மழை வந்தா கொஞ்சம் அடிக்கும். நீங்க இதுக்குப் போய் இவ்ளோ பிக்கர் பண்ணிக் கவலப்படறீங்க."

"போர்டுல ஆர்.சி.சி.பி. இருந்திருக்குமே, அது எங்க?"

"அதுவா? சும்மா சும்மா ஆஃப் ஆயிட்டே இருந்துச்சு. ஒரே தொல்லை. எலக்ட்ரீஷியன் வந்து தூக்கிட்டுப் போயிட்டான். அப்புறம் நிம்மதி."

அது அணைந்துகொண்டே இருந்ததுதான் அதன் வேலை என்று சொன்னேன். தீ தீ என்று கத்துகிறவனின் வாயைப் பொத்திவிட்டு நிம்மதி என்கிறீர்களே என்றும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் குரல் உயர்ந்துவிட்டது. இந்த வீட்டு வயரிங் சரி என்று எவன் கையெழுத்துப் போட்டான், அவனைக் கொண்டுவாருங்கள், ஒரு பெண்ணைப் பெற்றவனாக இருந்தால் போட்டிருப்பானா என்று என்னென்னவோ பேசினேன். கடைசியில் லலிதம்மா இறங்கி வந்தார். அந்த வார இறுதியிலேயே பக்கவாட்டுச் சந்தில் குழி தோண்டினோம். பச்சை வயர் மாடிக்கு ஏறியது, புது ஆர்.சி.சி.பி. உட்கார்ந்தது. நான் கூடவே நின்று ஒவ்வொரு பாயின்டாகச் சோதித்தேன். அதுவரை மூன்று பெண்களையும் கீசர் பக்கமே போகவிடவில்லை. வாளியில் வெந்நீர் வைத்துத்தான் குளித்தார்கள்.

வேலை முடிந்த அன்று பால்கனியில் உட்கார்ந்து இன்னமும் அந்தக் கையெழுத்துக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். பார்க்காமல் போடுகிறவனெல்லாம் மனுஷனா என்றேன். நிவேதா செல்போனிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டாள்.

"நீ அப்படிப் போட்டதே இல்லையாம்மா?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. இல்லை என்று நான் சொல்வேன் என்று நினைத்தே கேட்டாள். நான் திட்டுவதை விட்டுவிட்டு மீட்டரைக் கைப்பைக்குள் வைத்ததும்தான் போனைக் கீழே வைத்தாள்.

"அப்ப அந்த வீட்ல எல்லாம் யாரு குளிக்கிறாங்க?"

5

போட்டிருக்கிறேன். ஆறு வீடுகளுக்கு.

இதை எழுதக் கை கூசுகிறது. எப்படி நடந்தது என்பதையாவது சொல்லிவிடுகிறேன். இந்த மாநில லைசென்ஸ் வாங்க நான் ஆபீஸுக்கு நடந்த நடை கொஞ்சநஞ்சமில்லை. பாரம் முழுக்கக் கன்னடம். அப்பா பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் வீட்டுக்காரர் பெயரை எழுதி, அடித்து, மறுபடி வேறு பாரம் வாங்கி வரிசையில் நின்றேன். அந்த வேலை சான்று, இந்த வேலை சான்று என்று திருப்பி அனுப்பினார்கள். இடுப்பில் நிவேதா. வரிசையில் இருந்த ஆண்களெல்லாம் நான் யாருக்கோ சாப்பாடு கொண்டுவந்தவள் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

அந்த நேரத்தில் எனக்காகக் கவுன்டர் கவுன்டராக ஏறி இறங்கிக் கன்னடத்தில் பேசி முடித்துக் கொடுத்தவர் ஒரு கான்ட்ராக்டர். லைசென்ஸ் வந்த மாதமே நாலைந்து பாரங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "நம்ம பசங்க பண்ண வேலைதான், பார்க்க வேணாம், ஒரு சைன் மட்டும் போடுங்கம்மா" என்றார். எப்படி மாட்டேன் என்பது? போட்டேன். அந்த வருஷத்தில் ஆறு. ஏழாவதற்கு நேரில் வருகிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பாரத்தை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் வரவே இல்லை. ஏழாவதிலிருந்து நான் பார்க்காமல் போட்டது கிடையாது என்று இத்தனை வருஷமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். முதல் ஆறை மறந்தே போயிருந்தேன் என்று சொன்னால் அது பொய். நினைக்காமல் இருந்தேன்.

நகல்கள் பீரோவில் இருந்தன. எடுத்து வைத்ததும் என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். அவர் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். எதையும் நிதானமாகப் பேசுகிறவர்.

"போய்ப் பாக்கறது தப்பில்ல. பாரு, சரி பண்ணிக் குடு. ஆனா வாயால சொல்லிட்டு வா. பேப்பர்ல மட்டும் எதையும் எழுதிக் குடுத்துடாத. ரெனியூவல் உள்ள கெடக்குது. எவனாவது அத எடுத்துட்டுப் போய் ஆபீஸ்ல குடுத்தான்னா உன் லைசென்ஸ் அவ்ளோதான்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சரி என்று தலையாட்டினேன். அந்த லைசென்ஸ் இல்லாவிட்டால் நான் இந்த ஊரில் யார்? மறுபடியும் யாருக்கோ சாப்பாடு கொண்டுவந்தவள்.

6

ஆறில் ஒன்று இடித்துவிட்டு அபார்ட்மென்ட் ஆகியிருந்தது. இரண்டில் பிற்பாடு புதிதாக வயரிங் செய்துவிட்டார்கள். அதில் ஒருவர் முதலில் என்னை ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்து, ஒன்றும் வேணாம் என்று கேட்டைச் சாத்தினார். சந்தாபுரா வரை பஸ்ஸில் போய்ப் பார்த்த வீட்டில் வேலை அப்பழுக்கில்லாமல் இருந்தது. அந்த வயரிங் செய்த பையன்களை மனதுக்குள் வாழ்த்தினேன். ஐந்தாவதில் எர்த் குழி இருந்தது. வயர்தான் துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. அன்றைக்கே மாற்றினேன்.

ஆறாவது ஜீவனஹள்ளியில். என் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அந்தத் தெரு முனையைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வீடு. கீழே ஓனர் சரோஜாம்மா. அறுபது வயசிருக்கும். சுவரில் புத்தர் படம், அதற்குப் பூ. இந்த வீட்டு வயரிங்குக்குக் கையெழுத்துப் போட்டவள் நான்தான், ஒருதரம் சோதிக்க வந்திருக்கிறேன் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"நீங்கதானா அது? லேடீஸ் இன்ஜினீயரு சைன் போட்டதுன்னு எங்க ஊட்டுக்காரு சொல்லினே இருப்பாரு. உள்ள வாம்மா."

ஆர்.சி.சி.பி. அந்தக் காலத்து போர்டில் கிடையாது. எர்த் குழியைத் தேடினேன். இல்லை. பச்சை வயர் மாடியிலிருந்து ஒழுங்காகத்தான் இறங்கியிருந்தது. இறங்கி, சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் சுற்றியிருந்தது. முன்பு அங்கே இரும்புக் குழாய் இருந்திருக்கிறது. குழி தோண்டச் சோம்பல்பட்டு அதில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிற்பாடு ப்ளம்பர் குழாயை மாற்றும்போது அந்த வயரை என்னவோ என்று புதுக் குழாயிலேயே பத்திரமாகச் சுற்றி வைத்திருக்கிறார். குழாயில் எர்த் எடுக்கவே கூடாது. நான் அன்றைக்கு ஒரு ஐந்து நிமிஷம் வந்து நின்றிருந்தால் இது நடந்திருக்காது.

இப்படி இருந்தால் எந்த மெஷினில் கரண்ட் கசிந்தாலும் அது மண்ணுக்குப் போக வழியில்லாமல், பச்சை வயரைப் பிடித்துக்கொண்டு மற்ற மெஷின்களின் உடம்புக்குப் போய்ச் சேரும். சரோஜாம்மாவின் சமையலறையில் ஒரு பழைய கிரைண்டர் இருந்தது. கால் வலிக்காக அதன் முன்னால் தடித்த ரப்பர் விரிப்பு.

"மாடில யாரு இருக்காங்க?"

"கௌரின்னு ஒரு பொண்ணு. புருஷன் பொண்டாட்டி, ஒரு கொழந்தை. நாலு வருஷமா இருக்காங்க. தங்கமான ஆளுங்க. அந்தப் பொண்ணுக்குத்தான் கொஞ்சம் நரம்புல கோளாறு."

"என்ன கோளாறு?"

"வாஷிங் மெஷின் தொட்டா ஷாக் அடிக்குதுன்னும். அவ புருஷன் தொட்டுப் பாத்தா ஒண்ணும் இருக்காது. எனக்கும் அடிக்கல. நான்தான் சொன்னேன், இன்ஜினீயரு பாத்து சைன் போட்ட ஊடு இது, கரண்ட்ல ஒண்ணும் கிடையாது, உன் உடம்புலதான் இன்னாவோ இருக்குன்னு. அந்தப் பேப்பரக்கூட எடுத்துக் காட்டினேன். டாக்டர்கிட்ட கூட்டினு போய் மாத்திரை தின்றா. தாயத்துகூட கட்டினாங்க. ஆனாலும் வேல செய்ய சோம்பல்பட்டுக்கினு சொல்றாள்னு அவனுக்கு ஒரு நெனப்பு."

கிரைண்டரைத் திரும்பிப் பார்த்தேன். 

"எத்தனை மணிக்கு மாவாட்டுவீங்க?"

"பத்து, பத்தரைக்கு."

கௌரி துணி துவைப்பதும் அந்நேரம்தான். புருஷன் தொட்டுப் பார்த்தது வேலையிலிருந்து வந்த பிறகு. அப்போது கிரைண்டர் ஓடாது. கீழே சரோஜாம்மாவுக்கு அடிக்காமல் காத்தது அந்த ரப்பர் விரிப்பு. சரோஜாம்மாவை ஒரு நிமிஷம் கிரைண்டரைப் போடச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன். இருபத்தைந்து வயசுப் பெண், ஒல்லி, நைட்டியின் மேல் துண்டு. நான் யார் என்று சொல்லி, வாஷிங் மெஷின் உடம்பில் ஒரு கம்பியையும் ஈரத் தரையில் ஒரு கம்பியையும் வைத்தேன். மீட்டர் நூறு வோல்ட்டைத் தாண்டியது. கீழே அணைக்கச் சொன்னேன். சைபருக்கு வந்தது. மறுபடி போடச் சொன்னேன். நூறு.

கௌரி மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீ சொன்னது அத்தனையும் உண்மை. தப்பு என்னுது. இந்த வீட்ட நான் பாக்காமலே சரின்னு எழுதிட்டேன்."

அழுவாள் என்று நினைத்தேன். என்னைத் திட்டுவாள் என்றும் நினைத்தேன், திட்டினால் தேவலாம் என்றிருந்தது. அவள் வாஷிங் மெஷின் ப்ளக்கை நான் பிடுங்குவதைப் பார்த்தாள். குழி தோண்ட நாளைக் காலையே ஆள் வரும், அதுவரைக்கும் இதையும் கீழே கிரைண்டரையும் தொடக் கூடாது என்று நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். அப்புறம் உள்ளே போய்க் குழந்தையின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். பேனாவும் வைத்திருந்தாள்.

"நீங்க சொன்னத எழுதிக் குடுங்க மேடம். சைன் போட்டு."

"உங்க வீட்டுக்காரர் வரட்டும்மா. இருந்து நானே அவர்கிட்ட சொல்றேன்."

"வாயால சொன்னா நாளைக்கு மறந்துடுவாரு. நாலு வருஷமா நானும் வாயாலதான் சொன்னேன்."

தாளை வாங்கினேன். சரோஜாம்மா மாடிப்படியில் வந்து நின்றுகொண்டிருந்தார். இந்த வீட்டில் எர்த் இல்லை, வாஷிங் மெஷினில் கரண்ட் வருகிறது, கௌரி சொன்னது உண்மை, அன்று நான் நேரில் வந்து பார்க்கவில்லை என்று நாலு வரி எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டு லைசென்ஸ் நம்பரையும் எழுதினேன். கௌரி அதை வாங்கி ஒருதரம் படித்தாள். பிறகு சரோஜாம்மாவிடம் நீட்டி, "நீங்களும் படிங்க" என்றாள்.